துருப்பிடித்த திருகாணிகள்

கடற்போரில் இறந்த மாலுமிகளின் பெயர்கள் பொறித்த வெண்கலப் பலகைகளைச் செப்பனிடும் பொறுப்பு அவளிடம் இருந்தது. உலோக வேலையில் இருபத்தாறு வருடம். யார் வாக்கையும் நம்பமாட்டாள். கணவர் வாங்கிவந்த பித்தளைக் குடத்தைக்கூடக் காந்தம் வைத்துப் பார்த்த பிறகுதான் தண்ணீர் பிடித்தாள்.

பலகைகளைக் கழற்றி மாட்டும் ஆட்களுக்கு மேஸ்திரி அவளுடைய தம்பி. வேலை வாங்கிக் கொடுத்ததும் அவள்தான். மூன்றாவது பலகையை அவன் திரும்ப மாட்டிய மறுநாள், திருகாணிகளில் புதுப் பெயின்ட் பளபளத்தது. மனம் கேட்கவில்லை. காந்தத்தை வைத்தாள். ஒட்டிக்கொண்டது.

வெண்கலத்தில் காந்தம் ஒட்டாது. உள்ளே இருந்தது இரும்பு. உப்புக்காற்றில் இரும்பு துருவேறி உப்பிப்போகும், பலகையைத் தாங்கும் சுவர்க்கல் வெடிக்கும், பலகை யார் தலையிலாவது விழும்.

"வெண்கல ஆணியெல்லாம் எங்கடா?"

"இதுதான்கா இருந்துச்சு."

"எனக்கே காது குத்துறியா?"

அவன் ஏணியை மடக்கித் தூக்கிக்கொண்டு நகர்ந்தான். அதுவே அவளுக்கு ஒப்புதலாகப் பட்டது. ஒரு வாரமாக அவன் தன் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை என்பதும், சாப்பாட்டு நேரத்தில் எங்கோ போய்வந்ததும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. வேலையை மேற்பார்க்கும் பொறியாளரிடம் சொல்லிவிட்டாள். அன்றே அவனை வரவேண்டாம் என்றார்கள்.

நான்காவது பலகையை அவளே கழற்றினாள். அவன் கைபடாத பலகை. முதல் திருகாணி வரவே இல்லை; சூடுகாட்டித் திருகியபோது பாதியில் முறிந்தது. துளைக்குள்ளிருந்து செம்பொடி கைநிறையக் கொட்டியது. அதுவும் இரும்பு. பல வருடத் துரு. முன்பு எப்போதோ பழுதுபார்த்தவர்கள் செய்த வேலை.

முறிந்த திருகாணியோடு ஏணியிலிருந்து இறங்கினாள். பொறியாளரிடம் போய், தம்பி மேல் தப்பில்லை என்று தன் வாயாலேயே சொன்னாள். எல்லாத் திருகாணியையும் மாற்றவும், அவனைத் திரும்பக் கூப்பிடவும் உத்தரவானது. அன்று சாயங்காலமே தம்பி வீட்டுக்குப் போனாள்.

"இரும்புன்னு தெரிஞ்சும் ஏன்டா பெயின்ட் அடிச்ச?"

"பழசுலயும் பெயின்ட் இருந்துச்சு. எப்படி இருந்துச்சோ அப்படியே மாட்டணும்னு நீதான சொன்ன."

சொன்னது உண்மைதான். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நம்பியிருப்பியா?"

அவன் மனைவி காபி கொண்டுவந்து வைத்தாள், யாரும் எடுக்கவில்லை.

திங்கட்கிழமை அவன் வேலைக்கு வந்தான். பலகையின் மறுமுனையைப் பிடித்தான். சாப்பாட்டு நேரத்தில் எங்கே போனான் என்று இன்றுவரை சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை, ஆனால் மறக்கவில்லை.

"கொஞ்சம் மேல தூக்குங்க, மேடம்," என்றான்.