பால்கோவா வாங்கப் போகிறோம்

என் கையெழுத்துக்கும் எழுத்துப்பிழைகளுக்கும் முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் பிரிந்துவிட்டோம். இரு தரப்பிலும் வருத்தமில்லை. ர, ற இரண்டும் என்னிடம் இடம் மாறி உட்காரும். இதன் முதல் தாளைப் பார்த்த என் மனைவி, மருந்துச் சீட்டு என்று நினைத்து எந்தக் கடையில் வாங்க வேண்டும் என்று கேட்டாள்.

ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வேலை பார்க்கிறேன். மெஷின் சத்தத்தில் அங்கே யாரும் யாரிடமும் பேச முடியாது. அதனாலேயே எனக்கு அந்த வேலை பிடிக்கும். நாலு பேர் கூடிய இடத்தில் வாயைத் திறந்தால் எனக்குக் காது சூடாகிவிடும்.

என் மகள் தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். சுகப்பிரசவம், பெண் குழந்தை. முதலில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பிறகு அவளுக்குத் தூக்கம் போனது. குழந்தை தூங்கும்போதும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். பால் கட்டி நைட்டி நனையும், பக்கத்தில் குழந்தை கத்தும், கையை நீட்டமாட்டாள். "இது யாரு பிள்ளைம்மா?" என்று ஒரு நாள் கேட்டாள். என் மனைவி அடுப்பங்கரைக்குப் போய் அழுதாள்.

வைத்தியம் சொல்ல எங்கள் தெருவில் ஆளுக்குப் பஞ்சமில்லை. காத்துக் கருப்பு என்றார்கள். ஒருவர் வேப்பிலை அடித்தார். ஒருவர் கயிறு மந்திரித்துக் கட்டினார். இன்னொருவர் லேகியம் கொண்டுவந்தார். சைக்கிள் செயினில் இருந்து வழித்தது போல இருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டதற்கு, "கேக்கக் கூடாது, கேட்டாப் பலிக்காது" என்றார். அந்த லேகியம் தாய்ப்பாலில் போகுமா என்று அன்றைக்கு ஒருவரும் கவலைப்படவில்லை.

குழந்தையைப் பார்க்க வீட்டுக்கு வந்த நர்ஸம்மாதான் குழந்தையை விட்டுவிட்டுத் தாயைப் பார்த்தார். கதவைச் சாத்திக்கொண்டு அவளிடம் பேசினார். வெளியே வந்ததும் என்னிடம், "என்னையக் கிணத்துப் பக்கம் தனியா விடாதீங்கன்னு சொல்லுது உங்க மக. இன்னும் வேப்பிலை அடிச்சிக்கிட்டே இருக்கப் போறீங்களா?" என்றார். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மனநல டாக்டரம்மா இருப்பதாகச் சொன்னார். எங்கள் பின்வாசலில் கிணறு இருக்கிறது. அன்றைக்கே தகரம் போட்டு மூடினேன்.

அப்படிப்பட்ட டாக்டர் ராஜபாளையத்திலும் உண்டு. ஆனால் உள்ளூர்க்காரர்கள் அந்தப் படி ஏறமாட்டோம். யாராவது பார்த்துவிடுவார்கள். ஆகவே ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போவோம். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் இதே காரணத்துக்காக ராஜபாளையம் வருகிறார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. நடுவில் ஓடும் பஸ்களுக்கு நல்ல வசூல்.

டாக்டரம்மாவின் அறை மாடியில், கீழே பால்கோவா கடை. குடும்பத்தோடு எங்கே என்று தெருவில் கேட்டால், "பால்கோவா வாங்கப் போறோம்" என்பாள் என் மனைவி. சொன்ன பாவத்துக்கு ஒவ்வொரு முறையும் வாங்கி வர வேண்டும், கேட்டவர்களுக்குக் கொடுக்கவும் வேண்டும். பக்கத்து வீட்டுக்காரி அதைத் தின்றுகொண்டே, "மாசமா இருக்கையிலதான் ஆசை வரும்பாக. உங்க மகளுக்குப் பெத்த பொறவுல்லா வருது" என்றாள்.

டாக்டரம்மா மாத்திரை எழுதினார். பால் கொடுக்கலாம் என்றார். குழந்தை அளவுக்கு மீறித் தூங்கினாலோ பால் குடிக்காவிட்டாலோ உடனே வரச் சொன்னார். ஒவ்வொரு முறையும் மகளை மட்டும் உட்காரவைத்து நெடுநேரம் பேசினார். சில வாரம் போனபின் ஒரு காலையில், மகள் குழந்தையின் பாதத்தைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சத்தம் காட்டாமல் வெளியே வந்துவிட்டேன்.

அந்த நேரம் பார்த்துச் சம்பந்தியம்மா, அதாவது மகளின் மாமியார், சேத்தூரிலிருந்து பேத்தியைப் பார்க்க வந்தார். தலையணைக்கு அடியில் மாத்திரை அட்டை அகப்பட்டது. மருந்துக் கடைக்குப் போய் விசாரித்துவிட்டு வந்து நடுவீட்டில் நின்றார்.

"அண்ணே, இது மண்டைக்குள்ள மாத்திரையாம்ல! பாலு வழியா எம் பேத்திக்கில்லா போகும்? பிள்ளை மந்தமாப் போனா யாரு பொறுப்பு?"

"டாக்டரம்மா பால் குடுக்கலாம்னாங்க மதினி" என்றாள் என் மனைவி.

"அவியளுக்கென்ன, எழுதி விடுவாக. நானும் நாலு பெத்தவதான். அழுகை வந்துச்சுன்னா அழுதுட்டு மாடு கறக்கப் போனேன். மாத்திரையை நிறுத்துங்க. இல்லேன்னா பிள்ளையை மட்டும் தூக்கிட்டுப் போறேன், புட்டிப்பால் குடுத்து வளத்துக்கிடுதேன்."

மருமகன் திருப்பூரில் வேலை பார்க்கிறார். போன் போட்டால், "அம்மா சொல்லுதபடி செய்ங்க மாமா" என்றார்.

மகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். மாத்திரையைத் தானே நிறுத்திவிட்டாள். கொஞ்ச நாளில் மறுபடியும் சுவரைப் பார்க்க ஆரம்பித்தாள். எனக்கு நியாயம் பேசத் தெரியாது. "கெளம்பும்மா, பால்கோவா வாங்கப் போவோம்" என்று மட்டும் சொன்னேன்.

மாடிப்படி ஏறி உள்ளே போனால், பெஞ்சில் சம்பந்தியம்மா உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் அவருடைய மகள் வயிற்றுப் பேரன், மூன்றாம் வகுப்புப் பையன். அவன் பெஞ்சில் உட்காரவில்லை, அதன் மேல் நடந்துகொண்டிருந்தான்.

எங்களைப் பார்த்ததும் அவருக்கு முகம் வெளுத்தது. "பால்கோவா வாங்க வந்தேண்ணே. கீழ கூட்டமா இருந்துச்சா, அதான் செத்த நேரம் மேல உக்காந்தேன்" என்றார்.

"நாங்களும் அதுக்குத்தான் மதினி" என்றாள் என் மனைவி.

"ஆச்சி, எனக்கு எப்ப மாத்திரை குடுப்பாக?" என்றான் பையன்.

வகுப்பில் ஓரிடத்தில் உட்காரமாட்டேன் என்கிறான், டாக்டரிடம் காட்டுங்கள் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். அதற்குத்தான் வந்திருந்தார்கள். முதலில் அவர்களைக் கூப்பிட்டார்கள். கதவு சரியாகச் சாத்தவில்லை, டாக்டரம்மா பேசியது வெளியே கேட்டது.

"இன்னிக்கு மாத்திரை கிடையாது. எப்பத் தூங்குறான், எவ்வளவு நேரம் செல்லு பாக்குறான்னு தெரியணும். அவன் அம்மா அப்பா வரணும், டீச்சர்கிட்டயும் நான் பேசணும். சில பிள்ளைகளுக்கு மாத்திரை வேணும், குடுத்தா நல்லாவும் ஆகும். இவனுக்கு வேணுமான்னு இன்னும் தெரியலை."

சம்பந்தியம்மா புயல் மாதிரி வெளியே வந்தார். "நல்ல வைத்தியம்ணே! கேக்குதவனுக்குக் கிடையாதாம், வேண்டாங்கிறவளுக்கு அட்டை அட்டையாக் குடுக்காக!" எங்களைக் கூப்பிட்டதும், "நானும் வாரேன்" என்று பின்னாலேயே நுழைந்தார். பையனும் வந்தான்.

"ஒரே கேள்வி டாக்டரம்மா. பாலுல போகுமா, போகாதா?"

"கொஞ்சம் போகும்" என்றார் டாக்டரம்மா.

"கேட்டீகளாண்ணே? அவிய வாயாலயே சொல்லிட்டாவ!"

"போகாதுன்னு நான் பொய் சொல்லலை. போறது ரொம்பக் கம்மி, குழந்தையைப் பாத்துக்கிட்டும் இருக்கோம். அம்மா இப்படியே கெடந்தா அதுவும் குழந்தைக்குப் போகும்மா. அது கம்மியில்லை."

நான்தான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். காது சூடானதுதான் மிச்சம். என் மகள் தலையை நிமிர்த்தாமல் பேசினாள்.

"அத்தே, நான் கிணத்துல விழுந்திருந்தா, பிள்ளைக்கு எந்தப் பாலு போயிருக்கும்?"

சம்பந்தியம்மா அதுவரை கிணற்றைப் பற்றிக் கேள்விப்பட்டதில்லை. நாங்கள் சொல்லவில்லை. மருமகளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பையன் மட்டும் சுழல் நாற்காலியில் ஏறிச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"எம்புட்டு நாளைக்குத் திங்கணும்?" என்று டாக்டரம்மாவிடம் கேட்டார் சம்பந்தியம்மா. குரல் இறங்கியிருந்தது.

"நல்லான பிறகும் சில மாசம். குறைக்கிறது நான் குறைப்பேன். நீங்களா நிறுத்தக் கூடாது."

"அப்ப யாராச்சும் எடுத்துக் குடுக்கணும்ல. இவ மறந்துருவா."

இப்போது மகளும் குழந்தையும் சேத்தூரில் இருக்கிறார்கள். சம்பந்தியம்மாவுக்கு இன்றைக்கும் மாத்திரை என்றால் ஆகாது. ஆனால் சாப்பாடு முடிந்ததும், "ஏட்டி, மண்டை மாத்திரையத் தின்னியா?" என்று தெரு முழுக்கக் கேட்கும்படி கத்துகிறார். "தின்னுட்டேன் அத்தே!" என்று மகள் அதைவிடச் சத்தமாகக் கத்துகிறாள். போனில் எனக்கே கேட்டது. மாத்திரை பாதியாகக் குறைந்திருக்கிறது. குழந்தை குப்புற விழுந்து, முன்னால் அகப்பட்டதையெல்லாம் வாயில் வைக்கிறதாம்.

நேற்று அந்த நர்ஸம்மா மில் வாசலில் என்னை நிறுத்தினார். அடுத்த தெருவில் பிள்ளை பெற்ற ஒரு பெண் இப்படித்தான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாளாம். லேகியக்காரர் வந்துபோய்விட்டாராம். "அந்தப் பொண்ணோட அப்பாகிட்ட நீங்க பேசுங்கண்ணே" என்றார். சரி என்றேன். அந்த அப்பா வீட்டு வாசல் வரை போனேன், பேச வரவில்லை, திரும்பிவிட்டேன். அதனால் எழுதியிருக்கிறேன். காலையில் அவர் கையில் கொடுத்துவிடுவேன்.

ஐப்பசி 9, ஞாயிற்றுக்கிழமை.