மின்வெட்டை நம்பாத காசிம்

கடந்த வெள்ளிக்கிழமை விடியலில் பூசைக்கு மலர் எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது என் பட்டறைத் தோழர் காசிமின் மகள் அழைத்தாள். "பெரியப்பா, அத்தா மௌத்தாயிட்டாக. தூக்கத்துலயே போயிட்டாக" என்றாள். அன்று பதிகம் ஓதவில்லை. இறைவன் திருமுன் அவர் பெயரை மட்டும் சொல்லிவிட்டு எழுந்தேன்.

எங்கள் பட்டறை திண்டுக்கல்லில் இருக்கிறது. குறுஞ்செய்தி அனுப்பினால் கிணற்று மோட்டாரை ஓட்டி நிறுத்தும் பெட்டிகளைச் செய்தோம். கணக்காசிரியனாக ஓய்வுபெற்றபின் அங்கே சேர்ந்த எனக்கு, பன்னிரண்டு ஆண்டு இளையவரான காசிமே சி என்னும் கணினி மொழியில் ஆசான். அம்மொழியில் நினைவகத்தை நாமே கேட்டு வாங்க வேண்டும். பயன் முடிந்ததும் நாமே விடுவிக்க வேண்டும். செய்யுளில் ஓர் அசை மிகுந்தாலும் செவி உடனே அறிந்துவிடும். விடுவிக்காத நினைவகமோ ஓசையின்றிச் சேர்ந்துகொண்டே போகும்.

கல்யாண விருந்துக்குத் தேக்சா என்னும் பெரும் பாத்திரங்களை வாடகைக்குத் தரும் குடும்பம் அவருடையது. அவர் உவமையும் அங்கிருந்தே வந்தது. "நோட்டுல எடுத்தவுக பேரு ஒண்ணுதாண்ணே இருக்கணும். ரெண்டு பேரு இருந்தா, மாப்பிள்ளை வீடு பொண்ணு வீட்டைச் சொல்லும், பொண்ணு வீடு மாப்பிள்ளை வீட்டைச் சொல்லும். தேக்சா மண்டபத்துலயே கெடக்கும்."

இவ்வளவு கேட்டும் நான் பிழை செய்தேன். வரும் ஒவ்வொரு குறுஞ்செய்திக்கும் என் நிரல் நினைவகம் வாங்கும். உரியவரின் செய்தி என்றால் வேலை முடித்து விடுவிக்கும். அயல் எண்ணிலிருந்து வந்த விளம்பரம் என்றாலோ, விடுவிக்காமலே பாதியில் திரும்பிவிடும். இரண்டாண்டுகள் இது வெளிப்படவில்லை. நம் பக்கத்துத் தோட்டங்களில் அடிக்கடி மின்சாரம் நின்று வரும்; அப்போதெல்லாம் நினைவகம் காலியாகிப் பெட்டி புதிதாகத் தொடங்கிக்கொண்டது.

ரெட்டியார்சத்திரத்துப் பக்கம் மல்லிகை பயிரிடும் செல்லத்தாய் என்பவர், பெட்டி அணையாதிருக்க ஒரு பேட்டரி வாங்கி இணைத்தார். சில வாரங்களில் நினைவகம் நிறைந்து பெட்டி உறைந்தது. நிறுத்தச் சொன்ன செய்தியை அது ஏற்கவில்லை. கிணறு வற்றியும் ஓடிய மோட்டார் கருகிற்று.

பிழையைக் கண்டதும் நான் எளிய வழியைத் தேடினேன். "தினம் ஒரு தடவை அணைச்சுப் போடச் சொல்லிரலாமே காசிம்?"

"கரண்டு ஒழுங்கா வந்தா நம்ம பெட்டி கெட்டுப்போகும்னா, அது என்ன பெட்டிண்ணே? வண்டியில ஏறுங்க."

செல்லத்தாய் எங்களை வரப்பிலேயே நிறுத்தினார். "வாங்க. செடி வாடுது. தண்ணி யாரு காட்டுறது, உங்க போனா?"

காசிம் பழி ஏற்பார் என்று சற்று நேரம் காத்திருந்தேன். அவர் வாய் திறக்கவில்லை. "எழுதுனவன் நாந்தாம்மா. உங்க பேட்டரி மேல தப்பில்ல" என்றேன்.

செல்லத்தாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நெத்தி நெறைய திருநீறு பூசிட்டு வந்து பொய் சொல்லப் போறாரோன்னு நெனைச்சேன்" என்றார், வழியும் விட்டார்.

அடுத்த தோட்டத்துக் கிணற்றிலிருந்து குழாய் இழுத்து அன்றே மல்லிகைக்கு நீர் காட்டினோம். புதிய செப்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டி மோட்டாரை மீட்டுத் தந்தோம். பிறகு, நாங்கள் பெட்டி வைத்த தோட்டம் ஒன்றுவிடாமல் சென்று நிரலை மாற்றினோம். வண்டி ஏறாத சிறுமலைக்கு மட்டும், பேருந்து தவறியதால் இருமுறை போக நேர்ந்தது.

சிறுமலையிலிருந்து திரும்பும் வழியில் நான் கேட்டேன், "நீ ஏன் அந்தம்மாகிட்ட வாயே தொறக்கல?"

"நான் சொல்லியிருந்தா நீங்க மறந்துருவீக" என்றார்.

அதன்பின் நான் மறக்கவில்லை. நினைவகம் வாங்கும் வரியை எழுதியவுடன், இடையில் எதையும் எழுதுமுன், விடுவிக்கும் வரியை எழுதிவிடுகிறேன். நிரல் வேலையை விட்டுத் திரும்பும் வழிகள் எத்தனை என்று எண்ணி, ஒவ்வொன்றிலும் நடந்து பார்க்கிறேன். எழுபதில் புதுப்பழக்கம் படியாது என்பார்கள். படிந்துவிட்டது.

காசிமை நல்லடக்கம் செய்த மறுநாள், அய்யலூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் அழைத்து, பெட்டி அசையாமல் நிற்கிறது என்றார். "கரண்டு போய் வந்ததாலங்களா? ஒயரு கழண்டுருக்கான்னு பாக்கவா?" என்று அவரே காரணம் தேடினார்.

"அதெல்லாம் இருக்கட்டும். முதல்ல நான் எழுதுனதைப் பாக்கணும். வாரேன்" என்றேன்.