கனவு வராத இஸ்திகாரா

போன ரமலானுக்கு முந்தி எங்க வாப்பாவுக்குத் தலையில கட்டின்னு சொல்லிட்டாங்க. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல.

வாப்பா சங்கரன்கோவில்ல வாழ்நாள் பூரா விசைத்தறி ஓட்டினவுக. அந்தச் சத்தத்துல காது போயிருச்சு. அதனால திருநெல்வேலி டாக்டர் எங்ககிட்டதான் பேசினாரு. "ஆபரேஷன் செஞ்சா உயிருக்கே ஆபத்து வரலாம். செய்யாட்டா கொஞ்ச வருஷம் இருப்பாரு, ஆனா பார்வை போயிரும். எது நல்லதுன்னு ஸ்கேன் சொல்லாதும்மா, நீங்கதான் முடிவு பண்ணணும்"னாரு.

அண்ணன் வேண்டவே வேண்டாம்னான், வாப்பா தலைமாட்டுலயே வீட்டுல சண்ட. நான் என்ன சொல்ல? முடிவு தெரியாதப்போ அல்லாஹ்கிட்ட வழி கேட்டுத் தொழுற இஸ்திகாரா தொழுதேன். "யா அல்லாஹ், எனக்குத் தெரியல, ஒனக்குத் தெரியும். எது நல்லதோ அதுல என் மனசத் திருப்பு"ன்னு அழுதேன்.

எங்க பக்கம் இஸ்திகாரான்னா கனவு வரணும்பாங்க. வெள்ளையோ பச்சையோ கண்டா செய்யலாம், செவப்பு கண்டா கூடாது. விடிஞ்சதும் மதினி மொதல்ல கேட்டதே, "என்ன கலரு வந்துச்சு?" ஒரு எழவும் வரல. மறுபடி தொழுதேன். அப்பவும் வரல. ரப்பே, என்கிட்ட மட்டும் ஏன் பேச மாட்டேங்குறன்னு கோவம் கோவமா வந்துச்சு.

ஒரு நாள் மதியம் லுஹர் தொழுதுட்டு, முசல்லா விரிப்புல உக்காந்து அழுதுக்கிட்டே துஆ கேட்டேன். நிமிந்து பாத்தா, கட்டில்ல படுத்திருந்த வாப்பா என் உதட்டையே பாத்துக்கிட்டு இருக்காக. சுருக்குன்னுச்சு. தறி ஓடுற எடத்துல யாரும் கத்திப் பேச மாட்டாங்க, உதட்டப் பாத்தே புரிஞ்சுக்கிடுவாங்க. நாங்க தலைமாட்டுல நின்னு சண்ட போட்டதெல்லாம் அவுகளுக்குத் தெரியும்! காதுதான் கேக்காதேன்னு ஒருத்தரும் அவுககிட்ட கேக்கல.

சத்தமில்லாம உதட்ட மட்டும் அசைச்சு, "என்ன செய்யட்டும் வாப்பா?"ன்னேன்.

"ஆபரேஷன் செஞ்சிரு மக்கா. காதும் இல்ல, கண்ணும் இல்லன்னா ஒங்கள எல்லாம் நான் எங்கன போய்த் தேடுவேன்?"

அந்த நிமிசமே என் மனசு ஒரு பக்கம் திரும்பிருச்சு. வாப்பாவே சொல்லிட்டாகன்னதும் அண்ணனும் சரின்னான். ஆனா பயம் போகல. ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல குர்ஆன்ல யாசீன் சூராவ ஆரம்பிச்சு ஆரம்பிச்சு விட்டேன்.

ஆபரேஷன் முடிஞ்சதுல இருந்து இன்னைக்கு வரைக்கும் வாப்பாவுக்கு இடது கையைத் தூக்க வரல. கட்டி திரும்ப வருமான்னா டாக்டருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனா இப்ப அவுககிட்ட கேக்காம எதையும் முடிவு பண்ணுறதில்ல. நீங்களும் ரப்புகிட்ட நம்பிக் கேளுங்க மக்கா, கனவு வரலன்னு ஒடஞ்சு போயிராதீங்க.

அன்னைக்கு ஆபரேஷன் முடிஞ்சு மயக்கம் தெளிஞ்சு வாப்பா கண்ணத் தெறந்தப்போ, நான் உதட்ட மட்டும் அசைச்சு "வாப்பா"ன்னேன்.

என் உதட்டையே பாத்து, "கேக்குது மக்கா"ன்னாக. அல்ஹம்துலில்லாஹ்.