வளையக்காரத் தெருக் கிணறு

எங்கள் ஊர் பொன்னமராவதிப் பக்கம். எங்கள் தெருவை வளையக்காரத் தெரு என்பார்கள். ஏழெட்டு வீடுதான். வீட்டுக்குள் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் தமிழ்.

மற்றபடி ஊர் ரெண்டாகக் கிடந்தது. மேலத்தெரு, கீழத்தெரு. பங்காளிகள்தான். திருவிழாவில் யாருக்கு முதல் விபூதி என்று எந்தக் காலத்திலோ வந்த தகராறு. ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஒருவர் போக மாட்டார்கள். வளையல் மட்டும் ரெண்டு தெருப் பெண்களும் எங்களிடம்தான் போட்டுக்கொண்டார்கள்.

மகாராஜா காலம். சமஸ்தானத்தில் ஊருக்குப் பஞ்சாயத்துக் கொடுத்தார்கள். மேலத்தெருவுக்கு மூணு மெம்பர், கீழத்தெருவுக்கு மூணு, எங்களுக்கு ஒண்ணு. அந்த ஒண்ணு என் தாய்மாமா. யார் எது சொன்னாலும் குறுக்கே ஒரு கேள்வி கேட்பார். அதனால் ஊரில் அவருக்கு எதிர்க்கட்சி என்றே பேர். "என்னய்யா எதிர்க்கட்சி, வளையல் டஜன் என்ன வெல?" என்பார்கள். கட்சி முழுசும் அவர் ஒருத்தர்தான்.

எங்களுக்கு வேண்டியது ஒரு கிணறு. ஊர்க் கிணற்றில் ரெண்டு தெருவும் இறைத்த பிறகுதான் எங்கள் முறை. கோடையில் அதற்குள் சேறாகிவிடும். ஊருணி வரைக்கும் நடக்க வேண்டும். போன கோடையில் அம்மா ஊருணிப் படியில் குடத்தோடு விழுந்தாள். வயிற்றில் இருந்தது தங்கவில்லை. அதை வீட்டில் யாரும் பேசுவதில்லை. இப்போது மறுபடியும் மாசமாக இருந்தாள்.

பஞ்சாயத்துத் தலைவர் தேர்தல் வந்தது. ஏழு மெம்பரும் கை தூக்கித் தேர்ந்தெடுப்பது; ரெண்டு தெருவுக்கும் ஒருவர் நின்றார். மேலத்தெருப் பெரியவர் வெற்றிலைத் தட்டோடு எங்கள் தெருவுக்கு வந்தார். அதுவரை அவர் எங்கள் பக்கம் கால் வைத்து நான் பார்த்ததில்லை. "தங்கச்சி, கெணறு என் பொறுப்பு" என்றார் அம்மாவிடம். மறுநாள் கீழத்தெருக்காரர் வாழைத்தாரோடு வந்தார். "அவரு என்னத்த வெட்டுவாரு? நான் கல்லுக் கட்டியே தாரேன்" என்றார்.

அம்மாவுக்குக் கணக்கு சுலபமாகிவிட்டது. "எவரு செயிச்சாலும் கெணறு நமக்குத்தான்டி" என்றாள் சித்தியிடம். அன்றைக்கே பெண்கள் தேங்காய் உடைத்து, வேப்பமரத்துக்கு அங்கிட்டுக் கடப்பாரையைப் போட்டுவிட்டார்கள். நானும் கூடையில் மண் அள்ளினேன். குலவை, சிரிப்பு. எங்கள் தெருவில் அப்படி ஒரு சத்தம் கேட்டதில்லை.

மாமா வந்து குழியை எட்டிப் பார்த்தார். "யாரக் கேட்டு வெட்டுறீங்க?"

"இதுக்கும் ஒரு கேள்வியா? போண்ணே அங்கிட்டு" என்றாள் அம்மா.

தேர்தல் அன்று புதுக்கோட்டையிலிருந்து ஆபீசர் வில்வண்டியில் வந்து சாவடியில் உட்கார்ந்தார். ரெண்டு தெருவும் மேளத்தோடு நின்றன.

"மேலத்தெருவுக்குக் கை தூக்கலாம்." மூணு கை. "கீழத்தெருவுக்கு." மூணு கை. எல்லாரும் மாமாவைப் பார்த்தார்கள். அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"உம்ம கை யாருக்கய்யா?" என்றார் ஆபீசர்.

"யாருக்கும் இல்லீங்க."

"அப்புறம் எதுக்கு மெம்பரா வந்தீர்?"

"யாரு தலைவரா ஒக்காந்தாலும் கேள்வி கேக்கணுமில்லீங்களா."

ஒரே கூச்சல். "பாத்தியாடா எதிர்க்கட்சிய!" என்று சிலர் சிரித்தார்கள். அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அத்தனை ஆம்பளைகள் நடுவில் அவள் வாய் திறந்தது அன்றுதான். "ஒரே ஒரு கையண்ணே. யாருக்காச்சும் தூக்கு."

மாமா அவளைப் பார்க்கவில்லை. "தூக்கின கைக்கு இன்னிக்கு மட்டுந்தான் மரியாத" என்றார்.

அம்மா தெலுங்கில் அவரைத் திட்டினாள். நல்லவேளை, எங்கள் தெருவுக்கு மட்டும்தான் புரிந்தது.

நாலு கை சேர்ந்தால்தான் எதுவும் செல்லும் என்றார் ஆபீசர். சேரவில்லை. சீட்டுப் போட்டு எடுப்பது என்று முடிவாயிற்று. சீட்டை எடுப்பது யார்? மேலத்தெருப் பிள்ளை என்றால் கீழத்தெரு ஒத்துக்கொள்ளவில்லை. கீழத்தெருப் பிள்ளை என்றால் மேலத்தெரு கம்பைத் தூக்கியது. ரெண்டிலும் சேராத பிள்ளை இல்லையா என்று ஆபீசர் சத்தம் போட்டார். ரெண்டு தெருவும் ஒன்றுபோல என்னைக் கைகாட்டின. அவர்கள் ஒத்துப்போய் நான் பார்த்தது அன்றுதான்.

செம்பில் ரெண்டு சீட்டு. கண்ணை மூடிக் கையை உள்ளே விட்டேன். அத்தனை பேர் என்னைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. கையை வெளியே எடுக்க மனசில்லை. ஒன்றைத் தொட்டேன், விட்டேன், மற்றதை எடுத்தேன்.

"மேலத்தெரு!"

மேளம் வெடித்தது. யாரோ என்னைத் தோளில் தூக்கிக்கொண்டார். "கைராசிக்காரிடா இவ!" என்று வாய் கொள்ளாமல் வெல்லத்தைத் திணித்தார்கள். தோளில் இருந்தபடியே புதுத் தலைவரிடம், "கெணறு?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "ஒங்க மாமன் கை தூக்கலையே, ஆத்தா."

அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். மாமாவோடு பேச்சை நிறுத்திவிட்டாள். வெட்டின குழியில் ஆட்டுக்குட்டி விழுந்து கத்தியது.

பஞ்சாயத்து கூடியது. நானும் போய் முன்னால் உட்கார்ந்தேன். சாவடியில் எனக்கு இப்போது மரியாதை. மேலத்தெருவுக்கு ரோடு போட வேண்டும் என்றார் தலைவர். மூணு கைதான் எழுந்தது; நாலு சேராமல் ரோடு நின்றது. மாமா, "கெணறு என்னாச்சுங்க?" என்றார். கூட்டம் கலைந்தது. அடுத்த கூட்டத்தில் கண்மாய் மடையைச் சரிபண்ணக் கேட்டது கீழத்தெரு. அதற்கும் மூணு கை. மாமா, "கெணறு என்னாச்சுங்க?" என்றார்.

"ஒமக்கு வேற பேச்சே தெரியாதாய்யா?"

"தெரியுங்க. தண்ணி குடிச்சிட்டுப் பேசுறேன்."

ஒரு காலையில் மேலத்தெருவிலிருந்து ஆட்கள் கடப்பாரையோடு எங்கள் குழிக்கு வந்தார்கள். அவர்கள் வேட்டியை மடித்துக் கட்டுவதற்குள் கீழத்தெருவிலிருந்து கல் வண்டி வந்துவிட்டது. "நாங்கதான் மொதல்ல வந்தோம், அவரு கை எங்களுக்குத்தான்." "கல்லு யாருதுடா?" இப்படிச் சண்டை போட்டுக்கொண்டே வெட்டினார்கள். என் கைராசிதான் இதெல்லாம் என்று வந்தவர் போனவரிடம் எல்லாம் சொன்னேன். "ஆமாடி, ஆமா" என்றார்கள்.

ஒருநாள் ஊற்று பீறிட்டது. குழிக்குள் இருந்தவர்கள் ஓவென்று கத்தினார்கள். தெருவே ஓடிவந்தது. சித்தி முதல் வாளியை இறைத்தாள். நிறைமாச வயிற்றோடு அம்மா அதில் ஒரு சொம்பு மொண்டாள். நான் ரெண்டு கையையும் குவித்துக்கொண்டு முன்னால் போய் நின்றேன்.

அம்மா என்னை ஒதுக்கிவிட்டு நேரே மாமாவிடம் போனாள். சொம்பை நீட்டினாள். கலங்கல் தண்ணீர். அவர் அண்ணாந்து முழுசும் குடித்தார்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சீட்டு எடுத்தது நான். சும்மா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவருக்கா முதல் தண்ணீர்? அன்றைக்கு முழுக்க அந்தக் கிணற்றுத் தண்ணீரை நான் தொடவே இல்லை.