அனுப்பியதாகக் காட்டிய கம்ப்யூட்டர்

குழித்துறை வீட்டு மாடியில் உட்கார்ந்துதான் அந்த வேலையைச் செய்தேன். ஒரு கம்ப்யூட்டரைச் சோதித்துப் பார்க்கிற வேலை. அதற்குள் மென்பொருள் கிடையாது, கோப்புகள் கிடையாது, பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொள்கிற ஒரு செயற்கை நரம்பு வலைப்பின்னல் மட்டும்தான். நான் மவுஸை அழுத்தினால் அடுத்துத் திரையில் என்ன வரும் என்று அதுவே ஊகித்து வரையும். முழுக் கம்ப்யூட்டரும் ஒரு கனவு. அது பழகுவதற்காக ஆறு மாதம் என் சொந்தத் திரையைப் பதிவு செய்து கொடுத்திருந்தேன். என் சோம்பல்கூட அதற்கு அத்துப்படி.

அந்த நாட்களில் கல்ஃபில் இருந்த என் வீட்டுக்காரரோடு பேச்சு இல்லை. ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருஷம் நீட்டப் போவதாகச் சொன்னார். "நீட்டுங்க, அங்கேயே குடியிருங்க" என்று போனை வைத்துவிட்டேன். மற்ற நாளில் போனும் உண்டு, மெயிலும் உண்டு; சண்டை என்றால் எங்களுக்குள் போன் கிடையாது, மெயில்தான். முதலில் எழுதுகிறவர் தோற்றவர். நானா எழுதுவேன்? எனக்கு வாயைவிட வீம்பு நீளம்.

ஒரு மழை மத்தியானம் சோதனைக்காக அந்தக் கனவுக்குள் மெயிலைத் திறந்தேன். எழுத்துகள் தண்ணீருக்கு அடியில் கிடப்பவை போல அசைந்து, மெல்ல நின்றன. மேலே அவர் பெயர்.

'ஏட்டி, கோவமா? சாப்பிட்டியா?'

பொய் என்று எனக்குத் தெரியும். ஆறு மாதமும் காலையில் நான் முதலில் திறந்தது அவர் மெயிலைத்தான், அதனால் அதையே வரைந்திருக்கிறது. ஆனாலும் கண் நிறைந்துவிட்டது. 'கோவம் இல்ல. வந்திருங்க' என்று பதில் அடித்தேன். அனுப்பியாயிற்று என்று காட்டியது.

அது கனவைத் தாண்டி எங்கும் போகாது என்று அறிவுக்குத் தெரிந்தது, மனசுக்கு ஏறவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்ட நிம்மதியில் பத்து நாள் மிதந்தேன். தினமும் அந்தக் கனவைத் திறந்தேன், தினமும் அவர் பதில் இருந்தது. லீவு கேட்டாச்சு என்றார், டிக்கெட் போட்டாச்சு என்றார். நிஜ மெயிலில் எழுதுவதை நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே இருந்தேன்.

பதினோராம் நாள் அவரே போன் செய்தார்.

"ஏட்டி, நீ ஒரு வார்த்தை எழுதுவேன்னு பாத்துகிட்டே இருந்தேன். வரச் சொல்லியிருந்தா வந்திருப்பேன். இன்னைக்குக் காலைல ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன்."

"எழுதினேனே" என்றேன்.

"எங்க?"

எதிரே திரையில் புதிதாக ஒரு மெயில் அசைந்து அசைந்து தெளிந்தது. பெட்டி கட்டியாச்சு, ஞாயிற்றுக்கிழமை வாறேன் என்று எழுதியிருந்தார்.