பன்னிரண்டு சொற்களுக்கு மூன்று கொப்பி

கைபேசிச் செயலியொன்றில் நான் போடும் கவிதைகளைப் படித்துவிட்டு, யாரோ தூரதேசத்தார் பிட்காயின் துளிகள் அனுப்புவார்கள். தேயிலைத் தோட்டத்து லய வீட்டின் கூரைத் தகரம் மாற்ற அந்தத் துளிகளைத்தான் நம்பியிருந்தோம். செயலியோடு வந்த மின்பணப்பையின் சாவி, அதை நடத்தும் கம்பெனியிடம் இருந்தது. அதே செயலியில் எழுதும் பூண்டுலோயா நண்பனின் கணக்கு ஒரு காலையில் பூட்டிக்கொண்டது. ஏன் என்று கேட்டான், பதிலே இல்லை.

அந்த நடுக்கத்தில், சாவி நம் கையிலேயே இருக்கும் வேறொரு பணப்பைக்கு எல்லாவற்றையும் மாற்றினேன். அது பன்னிரண்டு ஆங்கிலச் சொற்களைத் தந்தது. அவைதான் சாவி; யாரிடம் இருக்கின்றனவோ, பணம் அவருடையது. முறையிட அரசாங்கக் கந்தோர் ஒன்றுகூடக் கிடையாது.

தாளில் எழுதி மனைவியிடம் கொடுத்தேன். “இது தொலைஞ்சா எல்லாம் போச்சு புள்ள, பத்திரம்.” யாரும் பார்க்கவும் கூடாது என்பதைச் சொல்லாமல் விட்டேன்.

பிறப்புப் பத்திரம் இல்லாமல் கந்தோர் கந்தோராக அலைந்தவர்களின் பிள்ளைகள் நாங்கள். முக்கியமான தாள் ஒன்று கைக்கு வந்தால், முதல் வேலை மூன்று போட்டோ கொப்பி.

ஞாயிறு மதியம் மனைவி கந்தப்பளைக் கடைத்தெருவிலிருந்து நனைந்துகொண்டு வந்தாள், முகமெல்லாம் சிரிப்பு.

“என்னங்க, மூணு கொப்பி எடுத்து லெமினேட்டும் பண்ணிட்டேன். இனி கரையான்கூடத் தொடாது.”

“கடைக்காரர் பாத்தாரா?”

“மெசின் பழுதாம். போன்ல படம் புடிச்சு அவரு வாட்ஸ்அப்புக்கு அனுப்பித்தான் பிரிண்ட் எடுத்தோம். நல்ல மனுசங்க, பாதிக் காசுதான் வாங்குனாரு.”

“அதை யாரும் பாக்கவே கூடாது புள்ள!” என்று கத்திக்கொண்டே போனை எடுத்தேன். எங்களுக்கு சிக்னல் கிடைப்பது தண்ணீர் பிடிக்கும் பீலியடியில்தான். மழையில் ஓடினேன். புதிய பணப்பை திறக்க வேண்டும், கடைக்காரரின் போனைப் பார்க்கும் எவனுக்கும் முன்னால் காசை நகர்த்த வேண்டும். ஈர விரலைத் திரை மதிக்கவில்லை. சட்டைக்குள் துடைத்தேன், மறுபடி நனைந்தது. கம்பெனியின் பணப்பைக்கே திருப்பி அனுப்பிவிடலாமா? ஒரே தட்டு, பழைய கணக்கு இன்னும் திறந்துதான் இருந்தது. நண்பனுக்கு வராத பதில் ஞாபகம் வந்தது. புதிய பணப்பை தந்த பன்னிரண்டு சொற்களை வாய்க்குள் திரும்பத் திரும்ப முணுமுணுத்துக்கொண்டே அனுப்பினேன். பழையதில் பூச்சியம். புதியதில் ஒன்றுமில்லை. பிறகு காசு வந்தது.

வீட்டில் அவள் அந்த மூன்று கொப்பிகளையும் அடுப்பில் போட்டிருந்தாள், பிளாஸ்டிக் நாறியது.

“புதுத் தாள் எங்க?”

“தாள் வேணாம். மனசில இருக்கு.”

“நீங்க செத்துப்போனா?”

எந்தக் கம்பெனியும் என்னிடம் கேட்டிராத கேள்வி.

“எனக்கும் சொல்லுங்க. நானும் பாடம் பண்றேன்.”

முதல் சொல்லைச் சொன்னேன். தெரியாத மொழியை அவள் கவனமாகத் திருப்பிச் சொன்னாள். கூரையைத் தொடாத சுவருக்கு அப்பால் பக்கத்து வீட்டுக் காம்பராக்காரர் இருமினார். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் அவள் காதருகே குனிந்து இரண்டாவதைச் சொன்னேன்.