ஜூன் ஒன்றாம் தேதி பிறந்த டீம்

எனக்கு இரண்டு பிறந்தநாள் உண்டு. தீபாவளிக்கு மறுநாள் பிறந்தேன் என்பது அம்மா சொல்லும் கணக்கு. பள்ளிக்கூடத்துக் காகிதத்தில் ஜூன் ஒன்று. தாராவியில் எங்கள் சந்தில் பாதிப்பேருக்கு மேல் ஜூன் ஒன்றுதான். பிள்ளையைச் சேர்க்கப் போனால் வாத்தியார் பிறந்த தேதி கேட்பார். எங்கள் ஆட்கள் ‘மாசி மாசம், கோயில் கொடை முடிஞ்சு மூணாம் நாள்’ என்று ஆரம்பிப்பார்கள். பின்னால் நிற்கும் வரிசையைப் பார்த்துவிட்டு அவர் ஜூன் ஒன்று என்று எழுதிவிடுவார். பள்ளிக்கூடம் திறக்கிற மாதம், கணக்குக்கும் சுலபம். யாருக்கும் இதில் ஒரு குறையும் இருந்ததில்லை, எங்கள் கோச் சாருக்கு வினையாக வந்து சேரும் வரை.

சார் மராத்திக்காரர், மாஹிமில் வீடு. மாட்டுங்காவில் ஒரு காலேஜின் ஃபுட்பால் டீமுக்குக் கோச். எங்கள் சந்துப் பையன்கள் செருப்பில்லாமல் பந்து உதைப்பதைப் பார்த்து, ஐந்து பேரைப் பொறுக்கி, காலேஜில் இடமும் வாங்கிக் கொடுத்து டீமில் போட்டவர். அதில் ஒருவர் என் சித்தப்பா. அதுவரை அந்தக் காலேஜுக்குள் எங்கள் ஆட்கள் நுழைந்தது பெயிண்ட் அடிக்க மட்டும்தான்.

மேட்ச் என்றால் சந்தே காலியாகிவிடும். எல்லோருக்கும் முன்னால் போய் உட்காருவது அத்தை, அப்பாவின் அக்கா. பை தைக்கிற பட்டறையில் ஒருநாள் கூலி போனாலும் அவளுக்குக் கவலையில்லை. ஆட்டத்தின் விதி ஒன்றுகூட அவளுக்குத் தெரியாது. பந்து அந்தப் பக்கம் போனால் சாமியைக் கும்பிடுவாள், இந்தப் பக்கம் வந்தால் எதிரணியைத் திட்டுவாள். விசில் ஊதுகிறவரும் சாருக்குக் கீழே வேலை பார்க்கிறவர் என்றுதான் கடைசிவரை நினைத்திருந்தாள்.

எனக்கு எட்டு வயதான அந்த வருடம் நாங்கள் கோப்பையை ஜெயித்தோம். பத்தொன்பது வயதுக்கு உட்பட்டவர்களுக்கான போட்டி. ஒரு வாரம்கூட ஆகவில்லை, தோற்ற காலேஜ் புகார் கொடுத்தது. ஐந்து பையன்களுக்கும் ஒரே பிறந்த தேதி, இது கோச் செய்த கள்ளச் சான்றிதழ் என்றார்கள். பேப்பரில் சாரின் போட்டோ வந்தது. விசாரணை முடியும்வரை மைதானத்துப் பக்கமே வரக்கூடாது என்று காலேஜ் சொல்லிவிட்டது.

எங்கள் சந்து கொதித்தது. டீக்கடைக்காரர் பேப்பரில் செய்தியை வெட்டி எறிந்துவிட்டுப் போட்டோவை மட்டும் சுவரில் ஒட்டி, மாலையும் போட்டார். உயிரோடிருக்கிற மனுஷனுக்கு மாலையா என்று அத்தை சத்தம் போட்ட பிறகு அதைக் கழற்றினார். ‘நெருப்பில்லாமல் புகையுமா’ என்று சலூன்காரர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டு ஆண்கள் முடிவெட்ட மாஹிம் வரை நடந்தார்கள். அத்தையின் உத்தரவு.

விசாரணை நாளன்று, சாட்சிக்கு அழைக்கப்படாத முப்பது நாற்பது பேர் மாட்டுங்காவுக்கு ஊர்வலமாகப் போனோம். ஒவ்வொருவர் கையிலும் பள்ளிக்கூடச் சான்றிதழ். எனக்குத் தீபாவளி ஃபிராக். வாசலில் தடுத்த வாட்ச்மேனை அத்தை எப்படிச் சமாளித்தாள் என்று தெரியவில்லை. அடுத்த நிமிடம் பிரின்சிபால் முன்னால் நின்றுகொண்டிருந்தோம். அவர் மாட்டுங்காத் தமிழர், வெள்ளைச் சட்டை, மெல்லிய குரல். ஓரத்து நாற்காலியில் சார் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். ஐந்து பையன்களும் சுவரோரம் நின்றார்கள்.

“ஐயா, எங்க சந்துல அறுவது வயசு ஆளுக்கும் ஜூன் ஒண்ணு, இந்தா நிக்க பிள்ளைக்கும் ஜூன் ஒண்ணு. இதெல்லாம் எங்க சார்வாளா எழுதினாவ?” என்று அத்தை காகிதங்களை மேசையில் கொட்டினாள்.

என்னை முன்னால் தள்ளினார்கள். ‘என் பிறந்தநாள் ஜூன் ஒன்று’ என்று மனப்பாடம் செய்திருந்ததை ஒப்பித்தேன். நிஜமாக எப்போது பிறந்தாய் என்று பிரின்சிபால் கேட்டார். தீபாவளிக்கு மறுநாள் என்று பெருமையாகச் சொன்னேன். அவரும் சிரித்துவிட்டார். ஜெயித்தாயிற்று என்று நினைத்தேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சரி, இந்தத் தேதி நிஜமில்லேன்னு நீங்களே சொல்றேள். அப்போ இந்தப் பசங்களோட நிஜ வயசு என்ன?”

அத்தை மேசையில் கொட்டிய காகிதங்களைத் திரும்ப அள்ள ஆரம்பித்தாள். சார் எழுந்தார். பையன்களை ஒன்றும் கேட்க வேண்டாம், வேலையை விட்டுவிடுகிறேன் என்று இந்தியில் சொன்னார். அவர் முடிப்பதற்குள் சித்தப்பா சுவரோரத்திலிருந்து இரண்டடி முன்னால் வந்தார்.

“எனக்குக் காயிதத்துல இருக்கதவிட ஒரு வயசு கூட, சார். பத்தொம்பது தாண்டிட்டு. எங்க கோச்சுக்கு இது தெரியாது.”

“நாந்தான் குறைச்சேன்” என்றாள் அத்தை. குரல் இறங்கியிருந்தது. “ஊர்லருந்து வந்ததுல இவனுக்கு ஒரு வருசம் வீணாப் போச்சு. ஏழு வயசுப் பயல ஒண்ணாங்கிளாசுல சேக்க மாட்டோம்னு சொல்லிருவாவளோன்னு பயந்து ஆறுன்னு சொன்னேன். அப்பம் இந்த சார்வாள் யாருன்னே எங்களுக்குத் தெரியாது.”

பிரின்சிபால் சித்தப்பாவின் பழைய பள்ளிக்கூடச் சான்றிதழை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோச் மீது எந்தத் தவறும் இல்லை என்று எங்கள் முன்னாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். சார் சித்தப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, ஏன்டா சொன்னாய், ஏன்டா சொன்னாய் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். விடுதலையான மனிதர் எதற்கு அழுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

சாயங்காலம் சந்தில் வெடி போட்டார்கள். டீக்கடையில் எல்லோருக்கும் டீ இலவசம். சாரைத் தூக்கிவைத்துச் சுற்றினார்கள். அந்தக் கூட்டத்தில் சித்தப்பாவின் கையைப் பிடித்து, நாம ஜெயிச்சிட்டோமா என்று கேட்டேன்.

“ஜெயிச்சிட்டோம் ட்டி” என்றார்.

கோப்பையைத் திருப்பிக் கொடுத்ததும், அந்தப் போட்டியில் ஐந்து பேருக்கும் கிடைத்த சர்டிஃபிகேட்டுகள் செல்லாமல் போனதும், சித்தப்பாவுக்கு ரயில்வேயில் விளையாட்டு கோட்டாவில் வரவிருந்த வேலை கைநழுவியதும் வளர்ந்த பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. இப்படித்தான் ஆகும் என்று அன்றைக்கே சந்தில் எல்லோருக்கும் தெரியும். மற்ற நான்கு பையன்களுக்கும் தெரியும். தெரிந்தேதான் வெடி வாங்கியிருக்கிறார்கள். முதல் சரத்தைக் கொளுத்தியது சித்தப்பா.